பெரிய ஹோட்டல் மேசையில் எங்கள் இடியப்பம்



சென்ற மாதம் ஒரு நாள், விளக்கு வைக்கும் நேரம், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சகோதரி ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு கொப்பி. இவர் வன்னியில் பிறந்து வளர்ந்தவர். 2009இல் கணவரை இழந்தார். முகாமில் ஒன்றரை வருடம் இருந்தார். பிறகு, தாய் பிறந்த ஊர் என்ற ஒரே உறவைப் பிடித்துக்கொண்டு இரண்டு பிள்ளைகளோடு கொக்குவிலுக்கு வந்தார். முன்பு சுருட்டுக் கொட்டில் இருந்த ஒரு வளவுக்குள் சின்ன வீடு. விடியப்புறம் மூன்று மணிக்கு எழுந்து இடியப்பம் அவித்து மூன்று கடைகளுக்குக் கொடுக்கிறார். பிள்ளைகள் படிப்பது அந்த இடியப்பத்தில்தான்.

“அக்கா, ஒரு விசயம் கேக்க வேணும். ஒரு பெரிய ஹோட்டல்காரர் இடியப்பம் கேக்கினம். நாளுக்கு நூற்றைம்பது. விலை சொல்லச் சொன்னவை. கடைக்குக் குடுக்கிற பன்னிரண்டு ரூபாவையே சொல்லவோ?”

“நீர் அந்த ஹோட்டலுக்குள்ளை போய்ப் பாத்தனீரோ?” என்று கேட்டேன்.

“ஐயோ, பின்பக்கக் குசினி வாசலிலை நிண்டுதான் கதைச்சனான். உள்ளுக்கை போறதுக்கு நான் ஆர், அக்கா?”

அவர் போன பிறகும் இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. பன்னிரண்டு ரூபா சரியா, பிழையா என்பதை ஒரு கடுதாசியில் கணக்குப் போட்டுச் சொல்லிவிடலாம். ஆனால் தன் கையால் அவித்த சாப்பாடு போய் இறங்கும் மேசையைக் கண்ணாலும் பார்க்காத ஒருவர், அதற்கு எந்தத் துணிவில் விலை சொல்வார்? எனவே அடுத்த நாள் காலையில் அவரிடம் போய், “விலையைப் பிறகு பாப்பம், முதலிலை நாங்கள் ரெண்டு பேரும் அங்கை போய் இருந்து சாப்பிட்டுட்டு வருவம்” என்றேன். அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்திருப்பார்.

வெளியில் இருந்து சாப்பிடுவது எமது பெண்களுக்குப் பழக்கமான ஒன்றல்ல. நான் சிறுமியாக இருந்த காலத்தில், சீலை எடுக்க யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போனால் ஒரு சைவக்கடைக்கு அழைத்துப் போவார்கள். அங்கேயும் ஆண்கள் முன் மேசையில், நாங்கள் திரை போட்ட அறைக்குள். அம்மா வாழ்நாளில் தனியாக ஒரு கடையில் இருந்து ஒரு பிளேன்ரீ குடித்ததை நான் கண்டதில்லை. பிறகு பொருளாதாரத் தடை வந்தது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற நாட்களில் ஹோட்டலைப் பற்றி யார் நினைத்தார்கள்? 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது, எங்கள் வீட்டில் அடுப்பில் இருந்த புட்டை நீத்துப்பெட்டியோடு தூக்கிக்கொண்டுதான் புறப்பட்டோம். கைதடிப் பாலத்தில் நின்று அதை ஆளுக்கு ஒரு பிடியாகச் சாப்பிட்டோம். அதுவும் வெளியில் சாப்பிட்டதுதான்!

யுத்தம் முடிந்த பின்னர் நிலைமை மாறியது. ஏ-9 வீதியால் தென்பகுதியில் இருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்தார்கள். 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. 2016இல் ஜெற்விங் நிறுவனம் பட்டினத்தில் ஹோட்டல் திறந்தது. 2019 ஒக்ரோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட, சென்னைக்கும் விமானம் பறந்தது. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் இப்போது மாமி வீட்டில் தங்குவதில்லை, ஹோட்டலில்தான் தங்குகிறார்கள். காலையில் அவர்கள் கேட்பது பாணும் முட்டையும் அல்ல. இடியப்பமும் சொதியும், புட்டும் மீன் குழம்பும்தான். வந்த இடத்தின் சாப்பாட்டைத்தான் உல்லாசப் பயணியும் கேட்கிறார். எங்கள் சகோதரியின் வாசலுக்கு அந்த ஹோட்டல்காரர் வந்த காரணம் இதுதான்.

நான் முதன்முதலாக ஒரு பெரிய ஹோட்டலில் சாப்பிட்டது இங்கல்ல, சென்னையில். 2011ஆம் ஆண்டு, கனடாவில் இருக்கும் என் தங்கை மகளின் கலியாணத்துக்குச் சீலை எடுக்க அங்கு வந்திருந்தாள். பதினாறு வருடங்களின் பின் சந்தித்தோம். “அக்கா, ஒரு நாளைக்கு நல்ல இடத்திலை சாப்பிடுவம்” என்று ஆழ்வார்பேட்டையில் ரி.ரி.கே. வீதியில் இருந்த ஹோட்டலுக்குக் கூட்டிப் போனாள். பார்க் ஷெரட்டன் என்றுதான் ஓட்டோக்காரருக்குச் சொன்னோம். அதற்குள் இருந்த உணவகத்தின் பெயர் ‘தக்ஷின்’. தெற்கு என்று அர்த்தம். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரா, கர்நாடகம் ஆகிய நான்கு மாநிலச் சமையலையும் ஒரே இடத்தில் கொடுப்பதற்காக 1989இல் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு, நட்சத்திர ஹோட்டல் என்றால் வெள்ளைக்காரச் சாப்பாடும் வட இந்தியச் சாப்பாடும்தான் பெரிதாக இருக்கும். தோசை, ரசம், கூட்டு எல்லாம் வீட்டுச் சாப்பாடு அல்லது மலிவான கடைச் சாப்பாடு. அதற்குப் போய் யார் பெரிய காசு கொடுப்பார்கள் என்பதுதான் எண்ணம். அதே எண்ணம்தான் எங்கள் தலையிலும் இருக்கிறது, இல்லையா?

உள்ளே போய் இருந்தவுடன் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பையன் வந்து, மேசையில் இருந்த மடித்த துவாயை எடுத்து உதறி, என் மடியில் விரிக்கக் குனிந்தான். நான் திடுக்கிட்டுக் கதிரையோடு பின்னுக்குத் தள்ளிவிட்டேன். தங்கை சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், அந்தப் பையன்தான் மன்னிப்புக் கேட்டான். பிறகு கொண்டுவந்து வைத்த தட்டைப் பார்த்தேன். வெள்ளித் தட்டு. அதன் மேல் அளவாக வெட்டிய வாழை இலை. கரண்டியும் முள்ளுக்கரண்டியும் இருந்தன, ஆனால் சுற்றியிருந்த மேசைகளில் கோட்டுப் போட்டவர்களும் பட்டுச் சீலைக்காரிகளும் கையால்தான் பிசைந்து சாப்பிட்டார்கள். என் நெஞ்சில் இருந்த பாரம் பாதி அப்போதே இறங்கியது. ஒரு வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து, எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே உள்ளங்கை அளவு தோசையும் குழிப்பணியாரமும் சுட்டு ஒவ்வொன்றாக இலையில் வைத்தார் ஒருவர். பல நிறத்தில் சட்டினிகள். ஒரு மூலையில் புல்லாங்குழல் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தோசை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாவில் தாளிதம் கொட்டி, வெந்தயம் மணக்க, மெத்தென்று சுடும் எங்கள் யாழ்ப்பாணத்துத் தோசைக்கு அது கிட்டவும் வராது. இதை நான் அங்கே வாய்விட்டுச் சொல்லவில்லை.

பில் வந்தபோது தங்கை அதைக் கையால் மறைத்துக்கொண்டாள். எட்டிப் பார்த்துவிட்டேன். இரண்டு பேர் சாப்பிட்ட காசில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாத அரிசி வாங்கலாம். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. தோசைக்கு இவ்வளவு காசா என்று முதலில் கோபம் வந்தது. யோசிக்க யோசிக்க வேறு ஒன்று தோன்றியது. அந்தத் தோசையை எங்கள் அம்மா ஆயுள் முழுக்கச் சுட்டாள். ஒரு நாளாவது அதற்கு ஒரு விலை இருக்கிறது என்று நாங்கள் யாரும் அவளிடம் சொன்னோமா?

அந்த உணவகத்தின் சமையலை நெடுங்காலம் நடத்திய பிரவீன் ஆனந்த் என்னும் சமையற் கலைஞரைப் பற்றிப் பிற்பாடு வாசித்தேன். அவர் பழைய சமையற் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்திருக்கிறார். ஊர் ஊராகப் போய், வீட்டுக் குசினிகளில் பெண்களின் பக்கத்தில் நின்று கைப்பக்குவம் கேட்டுப் படித்திருக்கிறார். பெரிய படிப்புப் படித்த ஒருவர் வீட்டுப் பெண்களிடம் படிக்கப் போனாரே, அது எனக்குப் பிடித்தது. அந்த ஹோட்டல் பிற்காலத்தில் கைமாறிப் பெயரும் மாறி, 2023 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. நாங்கள் இருந்த அந்த மேசை இன்று இல்லை.

செட்டிநாட்டில் இன்னொரு கதை இருக்கிறது. காரைக்குடியில் ‘பங்களா’ என்று ஒரு ஹோட்டல். மீனாட்சி மெய்யப்பன் என்னும் அம்மையார், குடும்பத்துக்குச் சொந்தமான பழைய கட்டடத்தை 1990களின் இறுதியில் ஹோட்டலாக மாற்றினார். வாழை இலை போட்டு வீட்டுச் சமையலைப் பரிமாறினார். அதைச் சாப்பிடுவதற்கென்றே வெளிநாடுகளில் இருந்து ஆட்கள் காரைக்குடி வரை போகிறார்கள். 2014இல் அந்தச் சமையல் ஒரு பெரிய புத்தகமாகவும் வந்தது. அவர் வசதியான குடும்பத்துப் பெண், கட்டடமும் கையில் இருந்தது. எங்களுக்கும் அவருக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பீர்கள். உண்மைதான். ஆனால் அவர் விற்றது கட்டடத்தை அல்ல, ஆச்சிமாரின் கைப்பக்குவத்தை. அது எங்களிடமும் இருக்கிறது.

இவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நண்டைப் பாருங்கள். இலங்கைக் களப்பு நண்டுக்குச் சிங்கப்பூரில் பல வருடங்களாகப் பெரிய மதிப்பு. 2011 முடிவில் கொழும்புக் கோட்டையில், பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தில், நண்டுக்கென்றே ‘மினிஸ்ட்ரி ஒப் கிராப்’ என்று ஒரு உணவகம் திறந்தார்கள். கிரிக்கெட் வீரர்கள் மஹேலவும் சங்கக்காரவும் அதில் பங்காளிகள். நிறைக்கு ஏற்ப விலை. பெரிய நண்டு என்றால் ஒரு சாதாரண குடும்பத்தின் பல நாள் செலவு அந்த ஒரு கோப்பையில் இருக்கும். நண்டு மேசைக்குப் போகும் வழியில் எத்தனை கையில் எத்தனை மடங்காகிறது என்பதைக் கரையில் வலை தெரிக்கும் பெண் கேட்பதில்லை. கேட்கும் பழக்கம் எங்களுக்கு இல்லை.

எங்கள் சமையலை எழுதி வைத்தவர்களும் இல்லாமல் இல்லை. ராணி தங்கராஜா தொகுத்த யாழ்ப்பாணத் தமிழரின் சமையற் குறிப்புகள் 2003இல் இந்தியாவில் ஆங்கிலத்தில் புத்தகமாக வெளிவந்தன. ஒடியற் கூழ், குரக்கன் புட்டு எல்லாம் அதில் உண்டு. 2015இல் அவுஸ்திரேலியாவில் இயங்கும் பல்மேரா என்ற அமைப்பு, யுத்தத்தால் பாதிக்கப்பட்ட எங்கள் பகுதிப் பெண்களின் சமையலையும் வாழ்க்கைக் கதைகளையும் சேர்த்து ‘ஹாண்ட்மேட்’ என்று ஒரு புத்தகம் போட்டது. ‘கையால் செய்தது’ என்று பொருள். சமையலோடு சமைத்தவரின் கதையையும் சேர்த்துப் போட்டார்களே, அதற்காகவே அந்தப் புத்தகத்தை எனக்குப் பிடிக்கும்.

சரி, எங்கள் ஹோட்டல் பயணத்துக்கு வருகிறேன். ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓட்டோ பிடித்துப் போனோம். அவர் நல்லதொரு பருத்திச் சீலை கட்டியிருந்தார். ஆனாலும் வழியெல்லாம், “என்ரை செருப்பைப் பாத்தியளோ? ஆராவது கண்டால் என்ன நினைப்பினம்? புருசன் இல்லாதவள் ஹோட்டலிலை போய் இருந்து சாப்பிடுறாள் எண்டு கதைக்கப் போகினம்” என்று புறுபுறுத்துக்கொண்டே வந்தார். கதைப்பார்கள்தான். அவர் விடிய மூன்று மணிக்குத் தனியாக அடுப்பு மூட்டும்போது இந்தக் கதைக்கிறவர்கள் யாரும் வந்து விறகு வெட்டிக் கொடுப்பதில்லை என்றேன். அதற்குப் பிறகு புறுபுறுப்பு நின்றது.

வாசலில் நின்ற பையன் “வாங்கோ அம்மா” என்று கதவைத் திறந்தான். அந்த ஒரு சொல்லில் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. யன்னலோரம் இருந்தோம். இருந்தவுடன், வரவேற்பு என்று சொல்லி, விரல் நீளக் கிண்ணங்களில் சூடாக இலைக்கஞ்சி கொண்டுவந்து வைத்தார்கள். வெள்ளைப் பீங்கான், பக்கத்தில் ஒரு துண்டுச் சர்க்கரை.

அவர் அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். குடிக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். முள்ளிவாய்க்காலில் கஞ்சி வாங்க வரிசையில் நின்றவர் அவர். அந்தக் கஞ்சியில் இலை இல்லை, பால் இல்லை, பல நாள் உப்பும் இல்லை. சின்ன மகளுக்கு அப்போது நாலு வயது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பரிமாறிய பையன் வந்து, “பிடிக்கேல்லையா அம்மா, எடுத்துக்கொண்டு போகவோ?” என்றான். “இல்லைத் தம்பி, இருக்கட்டும்” என்றவர், கொஞ்ச நேரத்தின் பின் மெதுவாகக் குடித்து முடித்தார். கிண்ணத்தை வைத்துவிட்டு, “இலை காணாது அக்கா. முல்லையும் முசுட்டையும் போட்டிருக்க வேணும்” என்றார். சமையற்காரி திரும்பி வந்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோசம்.

இடியப்பம் ஒரு கோப்பை, இஞ்சித் தேநீர் இரண்டு சொன்னோம். இரண்டு பேருக்கு ஒரு கோப்பை போதும் என்று சொல்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. விலை எழுதிய பட்டியலை முதலிலேயே கேட்டு வாங்கிப் பார்ப்பதிலும் வெட்கம் இல்லை. பார்க்காமல் சொல்லிவிட்டுப் பிறகு நெஞ்சைப் பிடிப்பதுதான் வெட்கம். ஐந்து இடியப்பம், சின்னக் கிண்ணத்தில் சொதி, சம்பல், ஒரு கத்தரிக்காய்க் கறி. விலை 950 ரூபா. அவர் இடியப்பத்தை விரலால் பிரித்துப் பார்த்தார். மாவைக் கொஞ்சம் கூட வறுத்துவிட்டார்கள் என்றார். சம்பல் நல்லது என்றார். சொதிக்குத் தேசிக்காய்ப் புளி விட்டது பிழையான நேரத்தில் என்றார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதிக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சத்தமாகச் சொன்னார்.

பில் 2,141 ரூபா 70 சதம். இதை நாங்கள் இருவரும் அங்கேயே இருந்து, அவருடைய கொப்பியில் பிரித்து எழுதினோம். இடியப்பம் 950, தேநீர் ஒன்று 350 ஆக 700, மொத்தம் 1,650. அதற்கு மேல் பத்து வீதம் சேவைக் கட்டணம் 165. அதற்கும் மேல் 18 வீதம் வற் வரி. 2024 ஜனவரியில் இருந்து வற் அந்த வீதம்தான். எனவே பட்டியலில் 950 என்று கண்டால் கையில் 1,230க்கு மேல் இருக்க வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். வரி அரசாங்கத்துக்குப் போகிறது. மிச்சத்தில்தான் ஹோட்டலின் கட்டடம், மின்சாரம், துவாய் தோய்ப்பது, கதவு திறக்கும் பையனின் சம்பளம் எல்லாம். ஹோட்டல்காரரைக் கொள்ளைக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு கோப்பைச் சாப்பாட்டின் விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை சமையற் பொருட்களுக்குப் போகலாம் என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. அப்படிப் பார்த்தால் அந்த 950இல் முந்நூறு ரூபா வரை பொருட்களுக்கு இடம் இருக்கிறது. அவர் சொல்ல நினைத்த பன்னிரண்டு ரூபாப்படி ஐந்து இடியப்பத்துக்கு அறுபது ரூபா.

அடுத்தது அவருடைய பக்கக் கணக்கு. ஒரு கிலோ அரிசியை ஊறவைத்து, இடித்து, வறுத்து அவித்தால் அவருக்கு நாற்பத்தைந்து இடியப்பம் வருகிறது. அரிசி, மில் கூலி, விறகு, தட்டுக்குப் பூசும் எண்ணெய் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு எட்டு ரூபா அளவில் போகிறது. நூற்றைம்பது இடியப்பத்தைப் பன்னிரண்டு ரூபாவுக்குக் கொடுத்தால் 1,800 ரூபா. செலவு 1,200. மிச்சம் 600. இதற்காக இரவு இரண்டு மணிக்கு எழும்ப வேண்டும். “வெங்காயம் கிண்டப் போனாலே 1,500 ரூபாவும் தேத்தண்ணியும் குடுப்பினம்” என்று அவரே சொன்னார். சொன்னவர் எழுதிய கணக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவ்வளவு வருடமும் தன் கைக்கூலியை அவர் கணக்கிலேயே போடவில்லை. அரிசிக்கு விலை, விறகுக்கு விலை, உரலைப் பிழியும் தோள்மூட்டுக்கு விலை இல்லை.

இந்த இடத்தில் ஒரு சகோதரி கேட்கக்கூடும், திருநெல்வேலி ‘அம்மாச்சி’ உணவகத்தில் மலிவாகத்தானே கொடுக்கிறார்கள் என்று. நானும் அங்கே அடிக்கடி போகிறவள்தான். பெண்களே கண்முன்னால் சமைத்து, தாங்களே விற்கிறார்கள். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே இடத்தையும் கட்டடத்தையும் கொடுத்தது விவசாயத் திணைக்களம். சமைத்த பெண்ணே விற்பதால் நடுவில் யாரும் இல்லை. சாதாரண சனத்துக்கு மலிவாக நல்ல சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பதற்கான இடம் அது. அந்த விலையை எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய ஹோட்டலுக்குச் சொன்னால், மலிவாகச் சாப்பிடப் போவது ஏழைகள் அல்ல.

ஹோட்டலுக்குக் கொடுப்பதில் வேறு சில்லறைச் சிக்கல்களும் உண்டு. ஒன்று கடன். பெரிய இடங்களில் மாதம் முடிந்துதான் கணக்குத் தீர்ப்பார்கள். அரிசிக்கடைக்காரர் எங்களுக்கு ஒரு மாதம் பொறுப்பாரா? எனவே வாரத்துக்கு ஒருமுறை என்று முதலிலேயே கேட்டு, அதை எழுத்தில் வாங்க வேண்டும். எத்தனை வேண்டும், வேண்டாம் என்றால் எத்தனை மணிக்கு முன் சொல்ல வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். ஆட்கள் இல்லை என்று காலையில் திருப்பி அனுப்பினால் அவித்த இடியப்பத்தை என்ன செய்வது? இன்னொன்று, பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவரைக் கண்டு ஒளிக்காமல் நாங்களே போய்க் கேட்டு, உணவு கையாளுபவருக்குரிய மருத்துவப் பரிசோதனையைச் செய்து அத்தாட்சி எடுத்து வைப்பது நல்லது. அந்தக் கடுதாசி கையில் இருந்தால் விலை பேசும்போது குரல் தானாக உயரும். இதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவர் அந்த ஹோட்டலுக்குப் போனார். நானும் வரவோ என்று கேட்டேன். “வேண்டாம் அக்கா, நானே போறன்” என்றார். இந்த முறை முன்வாசலால் போயிருக்கிறார். அதே பையன் கதவைத் திறந்திருக்கிறான். முகாமையாளரிடம் இருபது ரூபா என்று சொல்ல, அவர் வேறு இடத்தில் பதினொன்றுக்குத் தருகிறார்கள் என்றாராம். “அப்ப அங்கை எடுங்கோ ஐயா. நான் உங்கடை இடியப்பம் சாப்பிட்டுப் பாத்தனான், மா கூட வறுபட்டிருக்கு” என்றாராம் எங்கள் ஆள். அரைமணித்தியாலம் பேசி, பதினெட்டு ரூபாவில் முடிந்தது. நூற்றைம்பது முடியாது, நூறுதான் தருவேன் என்று இவரே சொல்லிவிட்டார். நூறுக்கு 1,800, செலவு 800, மிச்சம் 1,000. கூட அவித்து இடுப்பொடிவதை விட இது போதும் என்பது அவருடைய முடிவு. நான் நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டு ஒரு உதவியாளரை வைக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் விடிய எழும்பப் போவது நான் அல்லவே. வாரக் கணக்குக்கு ஒப்புக்கொண்டார்கள். எழுத்தில் கொடுக்க மட்டும் கொஞ்சம் இழுத்தடித்து, இவர் மூன்றாம் முறை கேட்ட பிறகு கொடுத்தார்கள்.

முதல் நாள் காலை ஐந்தரைக்கு, வாழை இலை போட்டு மூடிய பெட்டியோடு ஓட்டோவில் ஏறியதை நான் படலையில் நின்று பார்த்தேன். திரும்பி வந்தவுடன் என்னிடம் வந்தார். குசினியில் ஒரு பெடியன் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறான். நூற்றைந்து இருந்ததாம்.

“அஞ்சு கூட வந்திருக்கு, அம்மா” என்றிருக்கிறான்.

“அது கணக்கிலை இல்லைத் தம்பி, உங்களுக்கு. இரவு முழுக்க வேலை செய்திருப்பியள், சாப்பிடுங்கோ” என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

ஐந்து இடியப்பம் தொண்ணூறு ரூபா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தேத்தண்ணி ஊத்தப் போனேன்.